என் வீட்டுக்காரருக்கு வேர்த்த கதை

போன வருஷம் மே மாதக் கடைசியில், மழை இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பம்பாயே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், செம்பூரில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்தது இது. இப்போது பேச்சு எடுத்தாலும் எங்கள் வீட்டில் முதலில் சிரிப்புதான் வரும். சிரித்து முடித்த பிறகு என் வீட்டுக்காரர் தன் முழங்கைத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

என் கணவருக்குத் தாராவியில் எவர்சில்வர் பாத்திரக் கடை. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் ராத்திரி கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பார். பாத்திரம் எடுத்துக் காட்டவும் ஏணியில் ஏறவும் ஆட்கள் இருக்கிறார்கள். இவருடைய நடமாட்டம் என்றால், செம்பூரிலிருந்து பஸ்ஸில் போவதும் பஸ்ஸில் திரும்புவதும்தான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் காலையில் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். இவரும் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தலையைத் தவிர வேறெதுவும் ஆடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் வேர்வைப் பட்டையோடு வீட்டுக்கு வந்தாள். அவள் இன்ஜினியரிங்கில் மேல்படிப்பு படிக்கிறாள். உடம்பில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்கள்தான் அவளுடைய ஆராய்ச்சி. பார்ப்பதற்கு மெத்தென்ற ரப்பர் பட்டை. நடுவில் பெரிய பொத்தான் மாதிரி ஒன்று. அடியில் மெல்லிய காகிதம் போல ஒரு துண்டு. அதை மேல்கையில் ஒட்டிக்கொண்டால், எவ்வளவு வேர்க்கிறது, அதில் எவ்வளவு உப்பு போகிறது, தோல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையெல்லாம் அளந்து போனுக்கு அனுப்பிவிடும். சர்க்கரையை அது பார்க்காது என்று மகள் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள். வெயிலில் நடக்கிறவர்களும் உழைக்கிறவர்களும் உடம்பில் தண்ணீர் வற்றி மயங்கி விழாமல் முன்கூட்டியே எச்சரிப்பதற்காகச் செய்தது. அதைப் போட்டுப் பார்க்க நடுத்தர வயதுக்காரர்கள் சிலர் வேண்டுமாம். அப்பாவைக் கேட்டாள்.

"ஊசி உண்டுமா?" என்றுதான் இவர் முதலில் கேட்டார்.

"ஊசி இல்லப்பா."

"ரத்தம் எடுப்பியளோ?"

"ரத்தமும் இல்ல. வேர்வை மட்டும்தான்."

"அப்பம் சரி" என்று கையை நீட்டிவிட்டார். எங்கள் வீட்டில் ரத்தப் பரிசோதனை என்றால் நர்ஸ் ஊசியைப் பிடிப்பாள், நான் இவரைப் பிடிப்பேன். அப்படிப்பட்டவருக்கு இது வரம் மாதிரி இருந்தது. அதோடு, மகளுக்கு உதவி செய்த மாதிரியும் ஆயிற்று, டாக்டர் சொன்ன நடையும் நடந்த மாதிரி ஆயிற்று என்று எனக்கும் சந்தோஷம். இவர் போனில் வருவது என் போனிலும் தெரியும்படி மகள் செய்துகொடுத்தாள்.

முதல் நாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். பக்கத்தில் இருக்கும் கார்டனில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தார். மகள் ஆசையோடு போனைத் திறந்தாள். 'போதுமான வேர்வை இல்லை' என்று வந்தது. மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும் அதே. இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மிஷின் சரியில்ல" என்றார். மகள், "மிஷின் கரெக்ட்தான் அப்பா, நீங்க தோடா ஜோர்ல, இன்னும் வேகமா நடக்கணும்" என்றாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து பார்க்க வேண்டுமே! இவர் வீட்டைவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் போனில் கோடு மேலே ஏற ஆரம்பிக்கும். ஏறினது இறங்காது. ஒரு மணி நேரம் விடாமல் வேர்க்கும். மகள் அந்தப் படத்தைக் கல்லூரியில் காட்டியபோது அவளுடைய பேராசிரியர், "உங்கள் அப்பா பழைய விளையாட்டு வீரரா?" என்று கேட்டாராம். அவள் அதை வீட்டில் வந்து சொன்ன அன்று இவர் முகத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். தூத்துக்குடியில் இருக்கும் என் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டு, நடக்கும்போது கையை எப்படி வீசவேண்டும் என்று எழுந்து நின்று நடந்து காட்டினார். உழைக்கிற மனிதர் என்று நானும் ராத்திரி சாப்பாட்டில் ஒரு அப்பளம் கூடவே வைத்தேன்.

துணி துவைக்கிறவள் நான். சந்தேகம் எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். போன் பார்த்தால் ஆறாக வேர்த்திருக்கிறது, சட்டைக் காலர் பார்த்தால் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஒரு நாள் கேட்டும் விட்டேன். "காத்துல காஞ்சு போச்சுட்டி" என்றார். பம்பாய் மே மாதப் புழுக்கத்தில் நனைந்த சட்டை உடம்பிலேயே காய வழியில்லை. ஆனாலும் நம்பினேன். மகளின் சந்தோஷத்தைப் பார்த்தபிறகு நம்பாமல் இருக்க மனம் வரவில்லை.

சில நாட்களில் போனில் மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வரும். தண்ணீரும் உப்பும் குறைகிறது, உடனே ஏதாவது குடிக்கவும் என்று. நான் பதறிப்போய் இவருக்குப் போன் போடுவேன். "உப்புப் போட்டு மோரு குடிங்க" என்பேன். "இந்தா, குடிச்சிட்டேன்" என்பார். உண்மையிலேயே குடித்துக்கொண்டுதான் இருந்தார். அதில் பொய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வடைக்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டு வந்து போனைப் பார்த்தால், திரை முழுக்கச் சிவப்பு. இதற்கு முன்னால் சிவப்பு வந்ததே இல்லை. 'உடல் வெப்பம் அதிகம், நீர் இழப்பு அதிகம், செய்வதை நிறுத்தி உடனே உதவி பெறுங்கள்' என்று எழுத்து மின்னி மின்னி அணைந்தது. இவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மகளை உலுக்கி எழுப்பினேன். போனைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

"அம்மா, இது நிஜமாவே டேஞ்சர். சல், ஜல்தி" என்றவள் இரண்டு கால்களில் இரண்டு விதச் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன். படியில் இறங்கும்போது என்னென்னவோ தோன்றியது. நடக்கச் சொல்லி விரட்டியது நான். அந்த அப்பளத்தை வைத்து உசுப்பேற்றியதும் நான்.

கார்டனில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிக்கிறவர்கள், பெஞ்சில் அமர்ந்து மூச்சை இழுத்து விடுகிறவர்கள். நடைபாதை முழுக்கச் சுற்றினோம். புதர் ஓரத்தில்கூடக் குனிந்து பார்த்தேன். எங்கேயும் இல்லை. வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் மகள் தன் போனில் அப்பாவின் படத்தைக் காட்டினாள். இப்படி ஒருவர் இங்கே நடந்து பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னார்.

அப்போது வேகமாக நடந்து வந்த ஒரு மராட்டிப் பெண்மணி நின்று படத்தை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அரே, யே இஸ்திரி ஷர்ட்வாலே அங்கிள்! இதர் ஸே ஆதே ஹை, உதர் ஸே நிகல் ஜாதே ஹை."

இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் வெளியே போய்விடுகிறாராம். தினமும். எதிரில் சந்துக்குள் இருக்கும் நம் ஆட்களின் டிபன் ஓட்டலுக்கு என்று கையைக் காட்டினார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, தன் நடையை விட்டுவிட்டு ஓட்டல் வாசல்வரை கூடவே வந்து கொண்டுவிட்டுப் போனார்.

உள்ளே நுழைந்தால், மின்விசிறிக்கு நேர் கீழே, சுவரோரத்து மேஜையில் என் கணவர். முன்னால் கூம்பு மாதிரி ஒரு நெய் ரோஸ்ட். பக்கத்தில் நுரை பொங்கிய காபி. நெற்றியில் வைத்த திருநீறு ஒரு துளிகூடக் கலையவில்லை. அந்த மனிதருக்கு வேர்த்து ஒரு மாமாங்கம் ஆகியிருக்கும்.

"ஏட்டி, நீ எங்க இங்கன?" என்றார், வாயில் தோசையோடு.

எனக்குச் சிரிப்பா, அழுகையா, ஆத்திரமா என்று தெரியவில்லை. அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டேன். கடவுளே, இவருக்கு ஒன்றுமில்லை. அது போதும். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

"நடக்கப் போறேன்னுட்டு இங்கன உக்காந்து என்ன செய்திய? நெய் ரோஸ்ட்டு! சீனி போட்ட காபி! நாங்க அங்கன செத்து வாழுதோம், ஒரு போனை எடுக்க முடியலியா உங்களுக்கு?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சட்னியைத் தொட்ட கையோடு எங்களைப் பார்த்தார்கள். நான் திட்டுவதை நிறுத்தவில்லை. இவரும் தலையைக் குனிந்தபடி தோசையைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. மகள் மட்டும் உட்காரவே இல்லை. தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒரு நிமிஷம் சும்மா இரு. அப்பா, பட்டை எங்க?"

இவர் கை தானாக மேல்கையைத் தடவியது. அங்கே பட்டை இல்லை.

"இன்னும் ரெட்டுலதான் இருக்கு அப்பா. இது யாரு? யார் கையில ஒட்டி வச்சிருக்கீங்க?"

இவர் சமையலறைப் பக்கம் கண்ணைத் திருப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பெருமூச்சு விட்ட நேரத்திலும், திட்டிய நேரத்திலும், அந்தச் சிவப்பு விளக்கு யாரோ ஒருவருக்காக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. என் ஆள் இல்லை என்றதும் அதை நான் மறந்தே போய்விட்டேன்.

மகள் சமையலறைக்குள் பாய்ந்தாள். நாங்கள் பின்னால் போனோம். நீளமான இரண்டு தோசைக்கல். இரண்டிலும் மாவு புகைகிறது. நடுவில் தோசை மாஸ்டர், இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. மேல்கையில் என் மகளின் பட்டை. பரிமாறுகிற ஜன்னலின் திட்டில் என் கணவரின் போன். பட்டையும் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தகவல் போகும் என்பதால் அங்கே வைத்திருக்கிறார். மற்ற நாட்களில் ஜன்னலை ஒட்டிய மேஜையில் உட்காருவதால் மணி அடித்தால் கேட்குமாம். அன்றைக்குக் கூட்டத்தில் அந்த மேஜை கிடைக்காமல் சுவரோரம் போய்விட்டார்.

மாஸ்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது வயதிருக்கும், சங்கரன்கோவில் பக்கத்து ஆள். "வாங்க மதினி. பாப்பாவா? பாப்பா, இன்னைக்கு எத்தன மார்க்கு?" என்று கேட்டார். அந்தப் பட்டை பாப்பா படிப்புக்கு மார்க்கு வாங்கித் தருகிற சாமான் என்று இவர் சொல்லி வைத்திருந்தாராம். அதனால் மாஸ்டர் தினமும் பெருமையாகக் கையை நீட்டியிருக்கிறார்.

சிரித்தாலும் அவர் முகம் சரியில்லை. உதடு வெளுத்திருந்தது. பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, அடுப்பை விட்டுத் தள்ளி வாங்க. உடனே வாங்க" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. இந்த நாலையும் எடுத்துட்டு வாரேன். சோடி ஆளு கோவில் கொடைக்கு ஊருக்குப் போயிட்டான், ரெண்டு கல்லும் நாந்தான். ராத்திரி வயித்தால போச்சு, அதான் கொஞ்சம் அசதி..."

சொல்லிக்கொண்டே தோசைத் திருப்பியைத் தூக்கினார். விரல்கள் அப்படியே மடங்கி இறுகிக்கொண்டன. திருப்பி 'டங்' என்று விழுந்தது. அவர் தன் கையை ஆச்சரியமாகப் பார்த்தார். அடுத்த நொடி கால் மடங்கி, முன்பக்கமாக, அந்தக் கல்லை நோக்கியே சாய்ந்தார்.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. என் கணவர் என்னைத் தாண்டிப் போனது மட்டும் நினைவிருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. மாஸ்டருக்கும் கல்லுக்கும் நடுவில் தன் உடம்பைக் கொடுத்து, இடுப்போடு சேர்த்து அணைத்துப் பின்னால் இழுத்துவிட்டார். கல்லின் ஓரம் பட்டு அவருடைய முழங்கையில் தோல் பொசுங்கிவிட்டது. அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது. மாஸ்டர் முகத்தில் ஒரு பொட்டுச் சூடுகூடப் படவில்லை.

பின்வாசல் பக்கம் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்தோம். மகள் அவர் காலைத் தூக்கி ஒரு எண்ணெய் டின்மேல் வைத்தாள். துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போட்டாள். நான் விசிறினேன். நினைவு தப்பவில்லை, ஆனால் கால் ஆடுசதை கல்லுப் போல இறுகி அவரைத் துடிக்க வைத்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே தன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மஞ்சள் வந்தப்பல்லாம் அம்மா போன் பண்ணுச்சே. நீங்க குடிச்சிட்டேன்னு சொன்னீங்களே."

"குடிச்சேன் மக்ளே."

"பட்டை அவர் கையில. மோரு உங்க வயித்துலயா அப்பா?"

இவர் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டால் மாஸ்டரின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டாக்டரின் கிளினிக் சந்து முனை தாண்டி இருந்தது. சந்துக்குள் ஆட்டோ வராது. வாசலில் வாழைக்குலை இறக்கிய கைவண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரர் விஷயம் கேட்டதும் சாக்கை உதறி விரித்துக் கொடுத்தார். அவரும் என் கணவருமாக மாஸ்டரைத் தூக்கி அதில் படுக்க வைத்தார்கள். படுத்தவர் ஆளை விடவில்லை. என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, "மதினி, கல்லு... மதினி, கல்லுல தோசை..." என்றார். கண் அடுப்பைத்தான் பார்த்தது.

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க" என்று சொல்லிவிட்டேன். அவரை அனுப்பவேண்டும் என்ற அவசரத்தில் வந்த வார்த்தை. சொன்ன பிறகு காப்பாற்றத்தானே வேண்டும்? வண்டி கிளம்பியது. வண்டிக்காரர் முன்னால் இழுக்க, என் கணவர் பின்னால் தள்ள, மகள் ஓட்டல் குடையைப் பிடித்துக்கொண்டு ஓட, சந்து திரும்பி மறைந்தார்கள். நான் உள்ளே வந்து திருப்பியைக் கையில் எடுத்தேன்.

கருகியதைச் சுரண்டி எறிந்துவிட்டு மாவை ஊற்றினேன். வெளியே பரிமாறுகிற ஆள் "ரெண்டு மசால், ஒரு ரவா, ஒரு நெய் ரோஸ்ட்" என்று ராகம் போட்டுக் கூவினார். "எல்லாருக்கும் சாதா தோசைதான்!" என்று நான் உள்ளிருந்து கூவினேன். வீட்டில் தட்டு அகலத் தோசை வார்க்கிறவள், அந்த நீளக் கல்லில் வார்த்தால் ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. யாரோ ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அம்மா, எனக்கு இலங்கை வந்திருக்கு. பக்கத்துல அவருக்கு ராஜஸ்தான். பரவால்ல, ருசியாத்தான் இருக்கு" என்றார். விஷயம் வெளியே பரவியிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சிரித்துக்கொண்டேதான் வார்த்தேன். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அனல் இடுப்பில் ஆரம்பித்து முகம்வரை அறைந்தது. மேலே இருந்த புகை இழுக்கும் விசிறி ஓடவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, இரண்டு கையிலும் மாவு, துடைக்க வழியில்லை. தொண்டை வறண்டது. தண்ணீர்ப் பானை கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஆனால் அங்கே போய்க் குடித்துவிட்டு வருவதற்குள் இந்தப் பக்கம் கருகிவிடும். இதோ இதை எடுத்துவிட்டுப் போகலாம், இதோ அடுத்ததை எடுத்துவிட்டுப் போகலாம் என்று போகவே முடியவில்லை. இத்தனை வாரமாக என் போனில் அழகாக ஏறிய கோடு இதுதான். இதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாம் கைதட்டியிருக்கிறோம்.

ஓட்டல்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து என் வாயருகே பிடித்தார். மடக் மடக்கென்று குடித்தேன். இதே மாதிரி அந்த மனிதருக்கும் ஒரு டம்ளர் கொடுத்திருக்கலாமே என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மோர் குடித்தது எங்கள் வீட்டு ஆள்.

"போதும்மா, நீங்க வாங்க" என்று அவரே அடுப்பை அணைத்தார். வெளியே போய், இன்றைக்கு இட்லி, காபி மட்டும்தான் என்று சொன்னார். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பாதிப்பேர் மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

நான் கிளினிக்குக்குப் போனபோது மாஸ்டருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருக்க வேண்டும், நல்ல வேளை என்றார் டாக்டர். கட்டில் ஓரத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். கைவண்டி தள்ளியதில் சட்டை உடம்போடு ஒட்டி, திருநீறு கரைந்து மூக்கில் வழிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. முழங்கைக்கு மருந்து போட வந்த நர்ஸ் கையில் ஊசி இருந்தது. பேசாமல் கையைக் கொடுத்தார். நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணாச்சிக்கு இன்னைக்கு நல்லா வேர்த்துட்டு" என்றார் மாஸ்டர், படுத்தபடியே. எங்களுக்கெல்லாம் அடக்க முடியாத சிரிப்பு. இவரும் சிரித்தார். சிரித்தவர் அப்படியே மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உமக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா எம் மொகத்தை எங்கன கொண்டு வைப்பேன், தம்பி" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீங்க பிடிக்கலைன்னா நான் இன்னைக்கு ரோஸ்ட்டுல்லா அண்ணாச்சி" என்றார் மாஸ்டர்.

மறுநாள் மகள் பேராசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். விவரம் சொல்லாமல், சம்மதம் வாங்காமல் ஒருவர் உடம்பில் எடுத்த கணக்கை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அத்தனையையும் அழித்துவிட்டார்கள். பல வார உழைப்பு போயிற்று. ஆனால் அந்தப் பேராசிரியரே ஒரு நாள் அந்த ஓட்டலுக்கு வந்து சமையலறைக்குள் நின்று பார்த்தார். சட்டை நனைந்து வெளியே வந்தவர், நாம் இதைக் கார்டனில் நடக்கிறவர்களுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்றாராம். இப்போது மகளின் குழு, அடுப்படியில் வேலை பார்க்கிறவர்களுக்கு, அவர்களுக்குப் புரிகிற மாதிரி எல்லாம் சொல்லி, முறைப்படி ஒட்டிப் பார்க்கிறது. எச்சரிக்கை வந்தால் எழுத்தாக வராமல் அவரவர் பாஷையில் சத்தமாகப் பேசும்படி மாற்றியிருக்கிறார்கள். முதல் ஆளாகக் கையை நீட்டியவர் நம் மாஸ்டர்தான். "மோரு குடிங்க அண்ணே" என்று சொல்கிற அந்தக் குரல் என் மகளுடையது.

ஓட்டல்காரரும் மனிதர்தான். அந்த வாரமே விசிறியைப் பழுது பார்த்து, ஊருக்குப் போன ஆள் திரும்பும்வரை அடுப்புக்கு இன்னொருவரைப் போட்டார். கல்லுக்குக் கை எட்டுகிற தூரத்தில் ஒரு மோர்ப்பானை வந்தது. அதை வாங்கிக் கொடுத்தது எங்கள் கடை. இவர் இப்போது நிஜமாகவே நடக்கிறார், ஏனென்றால் நானும் கூடவே நடக்கிறேன். சுற்று முடிந்ததும் சில நாள் ஓட்டலுக்குப் போவோம், எனக்கு ஒரு சாதா தோசை, அவருக்கு இரண்டு இட்லி.

என் மகள் செய்கிற அந்தச் சின்னப் பட்டை பெரிய காரியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஊசி இல்லாமல், ரத்தம் இல்லாமல், ஒருவர் வாய்விட்டுச் சொல்லாததை அது சொல்லிவிடுகிறது. ஆனால் அது சொன்னதும் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. அன்றைக்கு என் கணவர் நன்றாக இருக்கிறார் என்று கண்ட நொடியில் எனக்கு எல்லாமே முடிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதருக்கு எதுவும் முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, எந்த ஓட்டலுக்குப் போனாலும் கை கழுவுகிற சாக்கில் ஒருமுறை சமையலறையை எட்டிப் பார்த்து, "தண்ணி குடிச்சியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன், சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள், ஆனால் கேட்டதும் டம்ளரைத் தேடிக் கை நீளாத ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.